மான்செஸ்டர் கால்வாய்க்குப் பணம் கொடுத்தவர் யார்?

கோயம்புத்தூரைத் தென்னாட்டு மான்செஸ்டர் என்று சொல்லிச் சொல்லி நமக்குப் பழகிவிட்டது. அந்த மான்செஸ்டர் எப்படிப்பட்ட ஊர் என்று கேட்டால், நூற்பாலைகள் நிறைந்த ஊர், துணிக்குப் பேர்போன ஊர் என்று பள்ளிச் சிறுவனும் விடை கூறுவான். ஆனால் கடற்கரையில் இல்லாத அந்நகரம், கடற்கப்பல்களைத் தன் வாயிலுக்கே வரவழைக்க வேண்டுமென்று ஒரு காலத்தில் முரண்டு பிடித்து நின்றது. பிடித்த பிடியை விடாமல் முடித்தும் காட்டிற்று. அந்த வரலாற்றை அறிந்தவர் சிலரே. அதை இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். கால்வாய் வெட்டிய திறமையைப் பற்றி அதிகமாகப் பேசப்போவதில்லை. வெட்டச் சொன்னவர் யார், அதற்குப் பணம் கொடுத்தவர் யார், பலன் யாருக்குச் சென்றது என்பதே என் நோக்கம். வழி வேண்டும், துறைமுகம் வேண்டும், இருப்புப்பாதை வேண்டும் என்று வர்த்தகர்கள் அரசாங்கத்தின் வாயிலில் மனுக் கொடுப்பது எல்லா நாட்டிலும் உள்ள வழக்கம். அந்த மனுவை எப்படி எடைபோடுவது என்பதற்கு இக்கதையைவிடத் தெளிவான உரைகல் எனக்குத் தெரியவில்லை.

மான்செஸ்டருக்கு மேற்கே ஏறத்தாழ முப்பத்தைந்து மைல் தொலைவில், மெர்சி நதி கடலில் கலக்கும் இடத்தில் லிவர்ப்பூல் துறைமுகம் இருக்கிறது. லங்காஷயர் மண்ணில் பருத்தி விளையாது. அமெரிக்காவிலிருந்தும் எகிப்திலிருந்தும் இந்தியாவிலிருந்தும் கப்பலேறி வந்த பஞ்சுப் பொதிகள் லிவர்ப்பூலில் இறங்கி, அங்கிருந்து ரயிலிலோ படகிலோ ஏறி ஆலைக்கு வந்து சேரவேண்டும். நெய்த துணி மறுபடியும் அதே வழியாகத் திரும்பிச் செல்லவேண்டும். லிவர்ப்பூல் துறைமுக நிர்வாகம் ஒரு வரி வாங்கிற்று. இறக்கி ஏற்றுவோர் கூலி வாங்கினர். ரயில் கம்பெனிகள் தங்களுக்குள் உடன்பாடு செய்துகொண்டு ஒரே கட்டணத்தை விதித்தன. லிவர்ப்பூலை விட்டு, நாட்டின் எதிர்க் கரையில் வெகு தொலைவிலுள்ள ஹல் துறைமுகத்தில் சரக்கை இறக்கிக் கொண்டுவருவது மலிவாக முடிகிறதென்று மான்செஸ்டர் வியாபாரிகள் கணக்குக் காட்டினார்கள். அருகில் இருக்கும் கிணற்றை விட்டு அடுத்த ஊர்க் கிணற்றுக்குக் குடம் எடுத்துப் போவது இலாபம் என்று ஆகிவிட்டால், அருகிலிருக்கும் கிணற்றுக்காரனிடம் ஏதோ கோளாறு இருக்கிறதென்றுதானே பொருள்?

இதில் ஒரு வேடிக்கை உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டில் பிரிட்ஜ்வாட்டர் பிரபு வெட்டிய கால்வாய்தான் அப்பகுதிக்கு மலிவான போக்குவரத்தை முதலில் தந்தது. பின்னர் அக்கால்வாய்க்காரர்களே கட்டணத்தை ஏற்றி வியாபாரிகளை வருத்துகிறார்கள் என்ற கூக்குரல் எழுந்தது. அதை முறிப்பதற்காக இரு நகரத்து வர்த்தகர்களும் கூடி லிவர்ப்பூல் - மான்செஸ்டர் ரயில் பாதையைப் போட்டார்கள். 1830ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள் அது திறக்கப்பட்டது. நாற்பது ஆண்டுகள் கழிந்தன. 1872இல் பிரிட்ஜ்வாட்டர் கால்வாயையே ரயில் கம்பெனித் தலைவர்கள் வாங்கிவிட்டார்கள். விடுவிக்க வந்தவனே பூட்டுப் போட்டவன் ஆனான். ஒரு வழியை மட்டும் நம்பி வாழும் ஊர், அவ்வழியின் சொந்தக்காரனுக்கு அடிமை என்பதை மான்செஸ்டர் இரண்டு முறை பாடம் கேட்டது.

மூன்றாம் பாடம் 1882ஆம் ஆண்டில் தொடங்கிற்று. டேனியல் ஆடம்சன் என்பவர் நீராவிக் கொதிகலன்கள் செய்யும் தொழிற்சாலை வைத்திருந்தவர். அவ்வாண்டு ஜூன் 27ஆம் நாள், டிட்ஸ்பரி என்ற இடத்திலிருந்த தம் இல்லத்துக்கு ஊர்ப் பிரமுகர்களை அழைத்தார். வர்த்தக சங்கத்தார், பக்கத்து நகரங்களின் மேயர்கள், ஆலை முதலாளிகள், பாங்கிக்காரர்கள், எஞ்சினியர்கள் என்று பலரும் வந்தார்கள். கப்பல் செல்லும் கால்வாய் ஒன்றை மான்செஸ்டர் வரையில் வெட்டவேண்டும் என்பது பேச்சு. இரண்டு எஞ்சினியர்கள் இரண்டு திட்டங்களைச் சொன்னார்கள். கடல் நீரின் ஏற்றவற்றத்தை அப்படியே மான்செஸ்டர் வரையில் கொண்டுபோய்விடலாம் என்றார் ஒருவர். அது அழகான எண்ணந்தான். ஆனால் மான்செஸ்டர் கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ அறுபது அடி மேலே இருக்கிறது. ஊருக்குள் வந்த கப்பல் பாதாளக் குழியில் நின்றிருக்கும். சரக்கைக் கிணற்றிலிருந்து தண்ணீர் சேந்துவது போலச் சேந்தியெடுக்க நேர்ந்திருக்கும். மற்றொருவர் எட்வர்டு லீடர் வில்லியம்ஸ். படிப்படியாக மதகுகள் அமைத்து, கப்பலை நீரினாலேயே தூக்கித் தூக்கி மேலே கொண்டுவரலாம் என்றார். அவர் திட்டமே ஏற்கப்பட்டது. இன்றும் ஈஸ்ட்ஹாம், லாட்ச்போர்டு, அயர்லம், பார்ட்டன், மோடுவீல் என்று ஐந்து இடங்களில் அம்மதகுகள் இருக்கின்றன.

திட்டம் வகுப்பது எளிது; பார்லிமெண்டின் அனுமதி பெறுவது எளிதன்று. லிவர்ப்பூல் எதிர்த்தது. ரயில் கம்பெனிகள் எதிர்த்தன. கரையோர நிலச்சுவான்தார்கள் எதிர்த்தார்கள். 1883இல் மசோதாவைக் காமன்ஸ் சபை ஏற்றது, பிரபுக்கள் சபை தள்ளிற்று. 1884இல் பிரபுக்கள் சபை ஏற்றது, காமன்ஸ் சபைக் கமிட்டி தள்ளிற்று. வக்கீல்களுக்கு மட்டும் இரண்டு ஆண்டும் நல்ல விளைச்சல். எனினும் எதிர்ப்பினால் ஒரு நன்மையும் விளைந்ததை மறைத்தலாகாது. மெர்சி முகத்துவாரத்தின் நடுவே சுவர் எழுப்பிக் கால்வாய் அமைத்தால் மணல் தேங்கி லிவர்ப்பூல் துறைமுகமே தூர்ந்துபோகும் என்று எதிர்த்தரப்பு நிபுணர்கள் சாட்சி சொன்னார்கள். அந்த அச்சத்துக்கு ஆதாரம் இருந்தது. ஆகவே முகத்துவாரத்தின் நடுப்பகுதியை விட்டுவிட்டு, தென்கரையை ஒட்டியே ஈஸ்ட்ஹாம் வரையில் கால்வாய் செல்லுமாறு திட்டத்தைத் திருத்தினார்கள். கேள்வி கேட்பவனைப் பகைவன் என்று ஒதுக்கியிருந்தால் இத்திருத்தம் பிறந்திராது. 1885ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ஆம் நாள் சட்டம் நிறைவேறிற்று.

அச்சட்டத்தில் ஒரு நிபந்தனை இருந்தது. அதைத்தான் நான் இன்றைய பேச்சின் நடுப்புள்ளியாகக் கருதுகிறேன். ஐம்பது லட்சம் பவுன் பங்குத்தொகையைத் திரட்டிக் காட்டிவிட்டுத்தான் மண்வெட்டியை எடுக்கலாம் என்று பார்லிமெண்டு சொல்லிற்று. பிரிட்ஜ்வாட்டர் கால்வாயையும் விலைக்கு வாங்கவேண்டும். அதற்கு 17,10,000 பவுன். அதாவது, "இக்கால்வாய் நாட்டுக்கே நன்மை என்கிறீர்களே, உங்கள் பணப்பையும் அப்படித்தான் சொல்லுகிறதா?" என்று கேட்டதற்கு ஒப்பாகும்.

பணப்பை உடனே பேசவில்லை. மூன்று ஆண்டுகளாகக் கூட்டங்களில் கைதட்டியவர்களுள் பலர், பங்குப் பத்திரம் எதிரே வந்தபோது யோசனையில் ஆழ்ந்தார்கள். தொழிலாளிகள் கூட்டங்கூட்டமாக வந்து ஆதரவு தெரிவித்தார்கள். எளியவர்கள் சிறு பங்குகளை வாங்கினார்கள். செல்வர்களில் பலர் மட்டும், அடுத்தவர் முதலில் இறங்கட்டும் என்று கரையில் நின்றார்கள். 1886இல் ராத்சைல்டு என்ற பெரும் பாங்கி வீட்டார் மூலமாகப் பங்குகளை வெளியிட்டும் போதிய பணம் சேரவில்லை. பங்குகள் பலர் கையிலும் பரவலாக இருக்கவேண்டும் என்ற ஆடம்சன், பணந்திரட்டும் முறையில் மற்றவர்களோடு ஒத்துப்போக இயலாமல் 1887 பிப்ரவரியில் தலைமைப் பதவியைத் துறந்தார். எகர்ட்டன் பிரபு அவ்விடத்துக்கு வந்தார். ராத்சைல்டும் பேரிங் என்ற மற்றொரு பாங்கி வீட்டாரும் சேர்ந்து, இலாபத்தில் முன்னுரிமை பெறும் பங்குகளை வெளியிட்ட பிறகே தொகை நிரம்பிற்று. அவ்வாண்டு நவம்பர் 11ஆம் நாள் ஈஸ்ட்ஹாமில் முதல் மண் வெட்டப்பட்டது. ஆடம்சன் 1890 ஜனவரியில் காலமானார். தாம் கனாக்கண்ட நீரில் ஒரு கப்பல் மிதப்பதை அவர் பார்க்கவில்லை.

வேலை நடந்த விதத்தைச் சுருக்கமாகவே சொல்லிவிடுகிறேன். பல்லாயிரம் கூலியாட்கள் ஆறு ஆண்டுகள் உழைத்தார்கள். நீராவியால் மண்தோண்டும் யந்திரங்களும் உடனுழைத்தன. பார்ட்டன் என்ற இடத்தில் பழைய பிரிட்ஜ்வாட்டர் கால்வாய் புதிய கால்வாயைக் குறுக்கே கடக்கவேண்டியிருந்தது. அங்கே பழைய கால்வாயின் ஒரு துண்டையே, நீரோடு, கதவைத் திறப்பது போல ஒரு பக்கமாகச் சுழற்றிவிடும் பாலம் ஒன்றை அமைத்தார்கள். அதன் எடை ஏறத்தாழ 1450 டன். அது இன்றும் சுழல்கிறது. காண்ட்ராக்டர் தாமஸ் வாக்கர் 1889இல் இறந்தார். வெள்ளம் புகுந்து வெட்டிய இடங்களையெல்லாம் நிரப்பிவிட்டுப் போயிற்று. 1891இல், வேலை பாதிக்கு மேல் முடிந்திருந்த நிலையில், கையிருப்புத் தீர்ந்துபோயிற்று.

இந்த இடத்தில் ஒரு கணம் நிற்போம். பாதி வெட்டிய கால்வாய் யாருக்கும் பயன்படாத பொருள். விற்கவும் இயலாது, விட்டுப்போகவும் இயலாது. பங்குதாரர்களிடம் மேலும் கேட்டால் கொடுக்க ஆளில்லை. அப்போது மான்செஸ்டர் நகரசபை முன்வந்தது. முதலில் முப்பது லட்சம் பவுன், பின்னர் இருபது லட்சம் பவுன், ஆக ஐம்பது லட்சம் பவுன் கடன் கொடுத்தது. இதன் பொருட்டு நகரசபை தானே கடன்பட்டது. வீட்டுவரி ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு உயர்ந்தது. மான்செஸ்டர்த் தெருக்களில் ஒரே ஓர் அறையை வாடகைக்கு எடுத்துக் குடியிருந்தவனும் அக்கால்வாய்க்குப் பணம் கொடுத்தான், தான் கொடுப்பதை அறியாமலே. ஆனால் நகரசபை வெறுங்கையோடு கொடுத்துவிடவில்லை. கம்பெனி நிர்வாகக் குழுவின் இருபத்தொரு இடங்களில் பதினொன்று நகரசபையின் நியமனம் என்று எழுதி வாங்கிக்கொண்டது. பொதுப்பணம் கொடுப்பவர்கள் கணக்கேட்டையும் கேட்டு வாங்கவேண்டும் என்பதை இதைவிட மரியாதையாகவும் உறுதியாகவும் சொன்னவர்கள் இலர் என்று நினைக்கிறேன்.

1894ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் கப்பல்கள் உள்ளே வந்தன. மே மாதம் 21ஆம் நாள் விக்டோரியா அரசி நேரில் வந்து திறந்துவைத்தார். முப்பத்தாறு மைல் நீளம். செலவு ஏறத்தாழ ஒன்றரைக் கோடி பவுன். ஐம்பது லட்சம் திரட்டத் தயங்கியவர்களுக்கு இறுதியில் அதைப்போல் மூன்று மடங்கு ஆயிற்று.

இலாபம் என்னவாயிற்று என்று கேட்பீர்கள். கம்பெனி முதல் இலாபப் பங்கீட்டை அறிவித்தது 1915ஆம் ஆண்டில். இருபத்தோராண்டுகள் கழித்து! சிறு பங்கு வாங்கிய தொழிலாளிகளில் எத்தனையோ பேர் அதற்குள் மண்ணில் மறைந்திருப்பார்கள். அப்படியானால் கால்வாய் தோல்வி என்று சொல்லலாமா? கம்பெனியின் பேரேட்டை மட்டும் பார்த்தால் அப்படித்தான் சொல்லத் தோன்றும். ஆனால் பேரேட்டுக்கு வெளியே நடந்ததைப் பாருங்கள். போட்டி வந்துவிட்டதே என்று லிவர்ப்பூலும் ரயில் கம்பெனிகளும் தங்கள் கட்டணங்களைக் குறைத்தன. ஆகவே கால்வாயில் ஒரு பொதிகூட அனுப்பாத வியாபாரிக்கும் அதனால் செலவு குறைந்தது. அந்த ஆதாயத்தில் ஒரு காசும் கம்பெனியின் பெட்டியில் விழவில்லை. விழ வழியும் இல்லை. வழி அமைப்பவனுக்கு ஏற்படும் சங்கடமே இதுதான். சுங்கச்சாவடியில் வசூலாவது அவ்வழி தரும் பலனில் ஒரு சிறு பகுதியே. மீதி, ஊர் முழுவதும் கண்ணுக்குத் தெரியாமல் பரவிவிடுகிறது. ஆகவே, வழி தன் செலவைத் தானே ஈட்டவேண்டும் என்று பிடிவாதம் செய்தால் பல நல்ல வழிகள் பிறக்கவே மாட்டா. பலன் எல்லோருக்கும் என்று சொல்லிச் செலவு முழுவதையும் பொதுவில் சுமத்தினாலோ, ஆதாயம் பெறுகிற சிலர் கைவீசிக்கொண்டு போய்விடுவார்கள்.

அப்படிக் கைவீசிப் போனவர் ஒருவரின் கதை கால்வாயின் கரையிலேயே இருக்கிறது. டிராபோர்டு என்ற பழங்குடிப் பிரபுக்களின் மாளிகையும் பூங்காவும் கால்வாய் ஓரத்தில் இருந்தன. அக்குடும்பத்தார் கால்வாயை எதிர்த்தவர்கள். 1896இல் அவ்விடத்தை விற்க முன்வந்தபோது, வாங்கிவிடலாமா என்று நகரசபை ஆலோசித்துக்கொண்டிருந்தது. ஆலோசனை முடிவதற்குள் ஹூலி என்ற பங்குச்சந்தைச் சூதர் 3,60,000 பவுன் கொடுத்து வாங்கிவிட்டார். மான் மேய்ந்த பூங்கா தொழிற்பேட்டையாயிற்று. இன்று நம் ஊர்களில் தொழிற்பேட்டை என்கிறோமே, உலகத்தில் திட்டமிட்டு அமைந்த அத்தகைய இடங்களில் அதுவே முதலாவது என்பார்கள். மின்யந்திரம் செய்யும் வெஸ்டிங்ஹவுஸ் வந்தது. 1911இல் போர்டு மோட்டார் வந்தது. இரண்டாம் உலகப்போரின் முடிவில் ஏறத்தாழ 75,000 பேர் அங்கே வேலை பார்த்தார்கள். அந்நிலத்தின் மதிப்பை உயர்த்தியது பூங்காவின் புல்லன்று. பக்கத்தில் ஓடிய நீர். அந்த நீருக்கு நகரத்தார் வரி கொடுத்தார்கள். நிலத்தின் ஏற்றம் வேறொருவர் கைக்குப் போயிற்று. (ஹூலி இரண்டே ஆண்டுகளில் வேறு வியாபாரங்களில் திவாலானார் என்பது தனிக்கதை. அதனால் மான்செஸ்டர் வரி கொடுத்தவனுக்கு ஒன்றும் திரும்பி வரவில்லை.)

நம் நாட்டையும் இதில் நினைக்காமல் இருக்க முடியவில்லை. இந்தியப் பருத்தி மலிவாக வரவேண்டும், லங்காஷயர்த் துணி நம் கிராமங்கள் வரையில் செல்லவேண்டும் என்பதற்காக, இந்தியாவில் ரயிலும் கால்வாயும் அமைக்கும்படி பல்லாண்டுகள் வற்புறுத்தியவர்களில் மான்செஸ்டர் வர்த்தகர்கள் முன்னணியில் நின்றார்கள். இராயபுரத்திலிருந்து வாலாஜா வரையில் 1856 ஜூலை முதல் நாள் ஓடத் தொடங்கிய சென்னை ரயில் பாதையும், கர்நூல் - கடப்பா கால்வாயை வெட்டிய சென்னை நீர்ப்பாசனக் கம்பெனியும் இங்கிலாந்து மூலதனத்தில் எழுந்தவை. அந்த மூலதனத்துக்கு, நஷ்டமே வந்தாலும், வட்டி தருவதாக அரசாங்கம் உறுதி கொடுத்திருந்தது. கால்வாய்க் கம்பெனிக்கு உறுதி செய்த வட்டி நூற்றுக்கு ஐந்து. வட்டி எங்கிருந்து வந்தது? இந்திய வருமானத்திலிருந்து, அதாவது நம் உழவனின் தீர்வையிலிருந்து. கர்நூல் கால்வாய் எதிர்பார்த்த வருவாயைத் தரவில்லை. 1882இல் அரசாங்கமே அதை விலைக்கு வாங்கிக்கொண்டது. அதே 1882இல்தான் டிட்ஸ்பரியில் ஆடம்சன் வீட்டுக் கூட்டம். அங்கே பார்லிமெண்டு எவருக்கும் வட்டி உறுதி கொடுக்கவில்லை. முதலில் பணத்தைக் காட்டு என்றது. நஷ்டத்தைத் தாங்கியவன் கர்நூலிலும் வரி கொடுப்பவனே, மான்செஸ்டரிலும் வரி கொடுப்பவனே. ஆனால் மான்செஸ்டர்க்காரனுக்கு நகரசபையில் வாக்கு இருந்தது, நிர்வாகக் குழுவில் பதினொரு நாற்காலிகள் இருந்தன. நம் உழவனுக்கு இருந்தது ரசீது ஒன்றே.

இவ்வழக்கு மான்செஸ்டரோடு தீர்ந்துவிடவில்லை. லண்டன் மாநகரின் அடியில் கிழக்கிலிருந்து மேற்காகப் புதிய ரயில் பாதை வேண்டுமென்று அந்நகர வர்த்தக அமைப்புகள் பல்லாண்டுகள் கேட்டு வந்தன. அரசாங்கம் தயங்கிற்று. இறுதியில் ஒரு சமரசம் ஏற்பட்டது. 2010 ஏப்ரல் முதல், ஆண்டு வாடகை மதிப்பு 55,000 பவுனுக்கு மேற்பட்ட வியாபாரக் கட்டடங்கள், வழக்கமான வரிக்கு மேல் பவுனுக்கு இரண்டு பென்சு கூடுதலாகக் கொடுக்கவேண்டும் என்று ஏற்பாடாயிற்று. ஏறத்தாழ 410 கோடி பவுனை அவ்வரியை நம்பியே திரட்டத் திட்டமிட்டார்கள். தெருமுனைச் சிறு கடைக்காரனுக்கு அதில் விலக்கு. கேட்டவர்களும் கொடுத்தார்கள், கேட்காத எளியவனை விட்டுவிட்டார்கள். 2018 டிசம்பரில் திறப்பதாக இருந்த அப்பாதை 2022 மே 24இல்தான் திறக்கப்பட்டது. செலவும் மதிப்பீட்டை மீறி 1800 கோடி பவுனைத் தாண்டிற்று. காலமும் கணக்கும் தப்புவதில் ஆடம்சனின் காலத்துக்கும் இக்காலத்துக்கும் வேற்றுமை இல்லை போலும்! ஆனால் யார் கொடுப்பது என்பதை மண்வெட்டி விழுவதற்கு முன்பே பேசி முடித்தார்களே, அது முன்னேற்றம். நம்மிடையிலும் துறைமுகம் வேண்டும், புறவழிச்சாலை வேண்டும் என்று மனு எழுதும் வர்த்தக சங்கத்தார், மனுவின் கடைசிப் பத்தியில் தங்கள் பங்கு இவ்வளவு என்று ஓர் எண்ணை எழுதிவைத்தால், அதை வாசிக்கும் அதிகாரி நாற்காலியில் சற்று நிமிர்ந்து உட்காருவார்.

மான்செஸ்டர் கால்வாயின் பின்கதையையும் சொல்லிவிடுகிறேன். கடலிலிருந்து முப்பத்தைந்து மைல் உள்ளே இருந்த அந்நகரம், இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் பிரிட்டனின் பெருந்துறைமுகங்களில் மூன்றாவது என்ற இடத்தை எட்டிற்று. 1958இல் சரக்குப் போக்குவரத்து உச்சத்தை அடைந்தது. அதன்பிறகு பெரும் பெட்டிகளில் சரக்கை ஏற்றிச்செல்லும் கப்பல்கள் வந்தன. அவை அம்மதகுகளுக்குள் நுழைய மாட்டாத அளவு பருத்தவை. துணி ஆலைகளும் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டன. 1982இல் மேல்கோடித் துறைமுகம் அடைக்கப்பட்டது. கீழ்ப்பகுதியில் இன்றும் கப்பல்கள் வருகின்றன. பஞ்சுப் பொதிகள் இறங்கிய மேல்கோடித் துறையில் இப்போது வீடுகளும் அரங்குகளும் நிற்கின்றன. 2011 முதல் பிரிட்டிஷ் ஒலிபரப்பு நிலையத்தின் பல பகுதிகள் அங்கிருந்துதான் வேலை செய்கின்றன. அவற்றின் சன்னல்களுக்குக் கீழே, கப்பல் இல்லாத அந்த நீர் இன்னும் தேங்கி நிற்கிறது.